எளிய நிகழ்தகவுக் கேள்விகளில் படித்தவர்களும் சறுக்குவது ஏன்?

கேள்வி இதுதான்: "கதவு, பகடை, குழந்தைகள், பிறந்தநாள் என்று நிகழ்தகவில் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்கிறார்கள். பார்த்தால் பள்ளிக் கணக்கு மாதிரிதான் இருக்கிறது. விடை மட்டும் ஒவ்வொரு முறையும் நான் நினைத்ததற்கு நேர்மாறாக வருகிறது. எனக்குக் கணக்கு வராதா, இல்லை கேள்வியிலேயே ஏதாவது வில்லங்கம் இருக்கிறதா?"

பெரும்பாலும் வில்லங்கம்தான். பெருக்கத் தெரியாமலோ வகுக்கத் தெரியாமலோ இந்தக் கேள்விகளில் தவறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சறுக்கல் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஒரு தகவலைக் கொடுக்கிறார்கள். அது எந்த வழியாக நம்மிடம் வந்தது என்று விசாரிக்காமலேயே கணக்கில் இறங்கிவிடுகிறோம். அதே தகவல் வேறு வழியில் வந்திருந்தால் விடையும் வேறாகிவிடும். இதை ஒரு கேள்வியில் நிதானமாகப் பார்த்துவிடலாம், மற்றவை தானாகப் பிடிபடும்.

"ஒருவருக்கு இரண்டு குழந்தைகள். அவர்களில் ஒருவராவது ஆண். இரண்டு பேருமே ஆணாக இருக்க வாய்ப்பு எவ்வளவு?" மார்ட்டின் கார்ட்னர் 1959இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் கேட்ட புதிர் இது. கேட்டவுடன் வாயில் வருவது "பாதிக்குப் பாதி". ஒரு குழந்தை ஆண் என்று தெரிந்துவிட்டது, மற்றது ஆணோ பெண்ணோ, அவ்வளவுதானே? புதிரின் விடையோ மூன்றில் ஒன்று.

இரண்டு குழந்தைகள் உள்ள நூறு குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணும் சம வாய்ப்பு என்று வைத்தால் ஏறத்தாழ 25 குடும்பங்களில் இரண்டும் ஆண், 25இல் இரண்டும் பெண், மீதி 50இல் ஒன்று ஆண் ஒன்று பெண். இப்போது ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, "உங்களுக்கு மகன் இருக்கிறானா?" என்று கேட்கிறேன். 75 வீடுகளில் "இருக்கிறான்" என்பார்கள். அந்த 75இல் இரண்டும் ஆணாக இருப்பது 25. ஆக மூன்றில் ஒன்று.

சரி, கதவைத் தட்டவில்லை. அந்த நூறு பெற்றோரும் தங்கள் இரு குழந்தைகளில் யாரோ ஒருவரை, எந்த விருப்பு வெறுப்பும் இல்லாமல், கையைப் பிடித்து நடக்கக் கூட்டிவருகிறார்கள். நான் வழியில் நின்று பார்க்கிறேன். இரண்டும் ஆணாக உள்ள 25 பேரும் பையனோடுதான் வருவார்கள். கலந்திருக்கும் 50 பேரில் பாதி, அதாவது 25 பேர், பையனோடு வருவார்கள். பையனோடு வந்தவர்கள் மொத்தம் 50. அதில் இரண்டும் ஆண் 25. இப்போது விடை பாதிக்குப் பாதி!

இரண்டு இடத்திலும் எனக்குத் தெரிந்தது "ஒருவராவது ஆண்" என்ற அதே ஒற்றை வரிதான். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேனா, தற்செயலாகப் பார்த்தேனா என்பதில்தான் விடை தொங்குகிறது. புதிரின் வாசகத்தில் அது இல்லை. கேள்வி தெளிவாக இல்லை என்று கார்ட்னரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். எனவே "பாதி" என்று சொன்னவரை முட்டாளாக்கிச் சிரிப்பவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது. கேள்வியை அரைகுறையாக வைத்துவிட்டு, தன் மனதில் இருந்த மீதி அரையை விடையில் சேர்த்துக்கொள்வது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிற வேலை.

இந்தக் கண்ணோடு மூன்று கதவுப் புதிருக்கு வருவோம். மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடு. நீங்கள் ஒரு கதவைத் தேர்கிறீர்கள். எதன் பின்னால் என்ன என்று தெரிந்த தொகுப்பாளர், மீதி இரண்டில் ஆடு இருக்கும் கதவு ஒன்றைத் திறந்து காட்டிவிட்டு, "மாற்றிக்கொள்கிறீர்களா?" என்கிறார். மாற்றினால் ஜெயிக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. ஸ்டீவ் செல்வின் 1975இலேயே ஒரு புள்ளியியல் இதழுக்குக் கடிதமாக எழுதியிருந்த விஷயம் இது. 1990 செப்டம்பரில் மர்லின் வோஸ் சாவந்த் பரேட் இதழில் தன் பத்தியில் இந்த விடையைச் சொன்னபோதுதான் பூகம்பம் வெடித்தது. சுமார் 10,000 கடிதங்கள் வந்தன. அவற்றில் ஏறக்குறைய ஆயிரம் முனைவர் பட்டம் பெற்றவர்களுடையவை, பெரும்பாலானவை அவர் தவறு என்று சாடியவை. பால் எர்டோஷ் போன்ற கணித மேதையே, கணினியில் ஆட்டத்தைப் பலமுறை ஓட்டிக் காட்டும்வரை நம்ப மறுத்தார்.

மர்லின் சொன்னது சரிதான். 300 முறை ஆடினால் 100 முறை முதலிலேயே கார் கதவைப் பிடித்திருப்பீர்கள். மீதி 200 முறை உங்கள் கதவின் பின்னால் ஆடு. அப்போது தொகுப்பாளருக்கு வேறு வழி கிடையாது. மிச்சமிருக்கும் ஒரே ஆட்டைத்தான் காட்டியாக வேண்டும். காரை உங்களுக்காகத் தனியாக ஒதுக்கி வைத்துவிடுகிறார். மாற்றினால் அந்த 200 முறையும் கார்.

ஆனால் இதே காட்சியைச் சற்றே திருப்பிப் போடுங்கள். தொகுப்பாளருக்கு ஒன்றும் தெரியாது. கால் இடறி மீதி இரண்டில் ஏதோ ஒரு கதவின் மேல் விழுகிறார், அது திறந்துகொள்கிறது, உள்ளே ஆடு. இப்போது மாற்றினால் லாபமா? இல்லை. 300 ஆட்டத்தில், நீங்கள் ஆட்டுக் கதவில் நிற்கும் 200இல் பாதி நேரம் அவர் கார் கதவைத் திறந்து ஆட்டத்தையே கெடுத்துவிடுவார். அந்த 100ஐத் தள்ளினால் மிஞ்சுவது 200. அதில் 100 உங்கள் கதவில் கார், 100 அடுத்த கதவில் கார். சமம்தான். கண்முன் திறந்து கிடக்கும் கதவும் அதில் நிற்கும் ஆடும் இரண்டு கதையிலும் ஒன்றே. தொகுப்பாளருக்குத் தெரியுமா தெரியாதா என்பது மட்டுமே வித்தியாசம். "இரண்டு கதவுதானே மிச்சம், பாதிக்குப் பாதிதானே" என்று சண்டை போட்டவர்களில் பலர், தங்களை அறியாமல் இந்தக் கால் இடறிய தொகுப்பாளரைத்தான் மனதில் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

புதிர் போதும். இதே சறுக்கல் நிஜத்தில் நடக்கிற இடம் மருத்துவப் பரிசோதனை. 1978இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளி சார்ந்த மருத்துவமனைகளில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்கும் பரிசோதனை தவறாக "உண்டு" என்று சொல்லிவிடும். அறிகுறி எதுவும் தெரியாத ஒருவருக்கு "உண்டு" என்று வந்திருக்கிறது. அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? அதிகம் பேர் சொன்ன விடை 95 சதவீதம். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்தான்.

ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்திப் பாருங்கள். நோயாளி ஒருவர், அவரைப் பரிசோதனை தவறாமல் பிடித்துவிடும் என்றே வைப்போம். மீதி 999 பேரில் 5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 50 பேருக்குப் பொய் எச்சரிக்கை. "உண்டு" என்ற காகிதத்தோடு வெளியே வருவது 51 பேர். அவர்களில் நோயாளி ஒருவர். இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.

இந்தக் கணக்குக்கான சூத்திரமான பேயஸ் தேற்றத்தை எழுதிக் காட்டினால் கண் சொருகுகிறவர்கள்கூட, ஆயிரம் பேராக மாற்றிச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். சதவீதத்தை விட்டு ஆட்களை எண்ணுவது என்ற இந்த ஒரு பழக்கம் இருந்தாலே பாதிக் கேள்விகள் அடங்கிவிடும். மேலே குடும்பக் கணக்கிலும் கதவுக் கணக்கிலும் நான் செய்தது அதுதான்.

இதைப் படித்துவிட்டு "பரிசோதனை எல்லாம் வீண்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த இரண்டு சதவீதம், யாரையோ வழிமறித்துப் பரிசோதித்தால் வருவது. அறிகுறிகளோடு வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு அந்த நோய் இருக்கும் என்றால், ஆயிரத்தில் 100 நோயாளிகள், 45 பொய் எச்சரிக்கைகள். "உண்டு" என்று வந்த 145 பேரில் 100 பேர், அதாவது 69 சதவீதம், உண்மையான நோயாளிகள். கருவி அதேதான், அதன் பிழையும் அதேதான். அதன் முன்னால் வந்து நின்றவர்கள்தான் வேறு. மருத்துவர் பரிசோதனைக்கு எழுதித் தருமுன் பத்துக் கேள்வி கேட்பது இதனால்தான்.

நோய் இல்லாதவருக்கு "உண்டு" என்று வரும் வாய்ப்பை, "உண்டு" என்று வந்தவருக்கு நோய் இல்லாத வாய்ப்பாகப் படிக்கும் இந்தத் தலைகீழ் வாசிப்பு நீதிமன்றத்துக்குள்ளும் போயிருக்கிறது. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற பெண்ணின் இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். 1999இல் அவர் மேல் கொலை வழக்கு. அவர்களைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென்று இறக்க வாய்ப்பு 8,543இல் ஒன்று. அதை அதனாலேயே பெருக்கினால் 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். இரண்டு தவறுகள். ஒன்று, ஒரே குடும்பம், ஒரே மரபணு, ஒரே வீடு. இரண்டு மரணங்களும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவை என்று வைத்துப் பெருக்க எந்த நியாயமும் இல்லை. இன்னொன்று, அந்த எண் குற்றமற்றவராக இருக்கும் வாய்ப்பே அல்ல. தாயே இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் மிக மிக அரிது. ஒப்பிட வேண்டியது இரண்டு அரிதான காரணங்களை. ஒன்றை மட்டும் தூக்கிக் காட்டி "எவ்வளவு அரிது பாருங்கள்" என்பது கணக்கில்லை. ராயல் புள்ளியியல் கழகம் 2001இல் வெளிப்படையாகவே இதைக் கண்டித்தது. அவர் 2003இல் விடுதலையானார். அதற்கு முக்கியக் காரணமாக அமைந்தது, அவர் தரப்பு வழக்கறிஞர்களிடம் காட்டாமல் விடப்பட்டிருந்த ஒரு மருத்துவப் பரிசோதனை முடிவு. எண்ணின் தவறு மட்டும் அவரை வெளியே கொண்டுவந்திருக்குமா என்று யோசித்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

"இரண்டு மடங்கு" என்ற சொல்லும் இதே குடும்பம். 1995 அக்டோபரில் பிரிட்டனில், சில வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று எச்சரிக்கை வந்தது. பொய்யில்லை. 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வரும் என்பதே அதன் பொருள். "இரண்டு மடங்கு" காதில் விழுந்தது, "7,000" விழவில்லை. பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்று மதிப்பிட்டார்கள். கர்ப்பத்தில் இரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையில் இருப்பதைவிட அதிகம் என்பது இதில் உள்ள வேதனை. மடங்கு, சதவீதம் எதைக் கேட்டாலும் "எத்தனை பேரில்?" என்று திருப்பிக் கேட்காமல் பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம்.

சிலசமயம் "எத்தனை பேரில்" என்று கேட்டாலும் போதாது. சிறுநீரகக் கல்லுக்கு இரண்டு சிகிச்சை முறைகளை ஒப்பிட்டு 1986இல் பிரிட்டனில் வெளியான எண்கள் இவை. திறந்து செய்யும் அறுவை 350 பேரில் 273 பேருக்குப் பலித்தது, 78 சதவீதம். சிறு துளை வழியாகச் செய்யும் முறை 350இல் 289, அதாவது 83 சதவீதம். துளை முறை மேல், இல்லையா? கல்லின் அளவு வாரியாகப் பிரியுங்கள். சிறிய கல்: திறந்த அறுவை 87இல் 81, துளை முறை 270இல் 234. அதாவது 93க்கு 87. பெரிய கல்: 263இல் 192, 80இல் 55. 73க்கு 69. சிறிய கல்லிலும் திறந்த அறுவை மேல், பெரிய கல்லிலும் அதுவே மேல், சேர்த்தால் மட்டும் தோற்கிறது!

மாயம் ஒன்றும் இல்லை. கடினமான பெரிய கற்களைத் திறந்த அறுவையிடம் தள்ளிவிட்டார்கள். சுலபமானவை துளை முறைக்குப் போயின. முரட்டு வகுப்பை வாங்கிய ஆசிரியரின் தேர்ச்சி விகிதம் குறைவது மாதிரிதான். இதற்குச் சிம்ப்சன் முரண் என்று பெயர். இதைக் கற்றுக்கொண்டவர்கள் உடனே "எப்போதும் பிரித்துப் பார்க்க வேண்டும்" என்று கிளம்பிவிடுகிறார்கள். அதுவும் தப்பு. கல்லின் அளவு சிகிச்சைக்கு முன்பே இருந்தது, எந்தச் சிகிச்சை என்பதையும் தீர்மானித்தது; அதனால் பிரிப்பது சரி. ஒரு மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைத்துத்தான் நோயாளியைக் காப்பாற்றுகிறது என்றால், மருந்து சாப்பிட்ட பிறகு எடுத்த அழுத்தத்தை வைத்துப் பிரித்தால் மருந்தின் பலனையே துடைத்தெறிந்துவிடுவோம். பிரிப்பதா சேர்ப்பதா என்பதை எண்கள் சொல்லாது. எது எதற்குக் காரணம் என்று தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

சராசரிக்கும் யாரிடம் கேட்டோம் என்பது முக்கியம். ஒரு பள்ளியில் இரண்டே வகுப்புகள், ஒன்றில் 10 பேர், மற்றதில் 90 பேர். வகுப்புக்குச் சராசரி 50 பேர் என்று நிர்வாகம் சொல்லும், பொய்யில்லை. மாணவர்களிடம் "உன் வகுப்பில் எத்தனை பேர்?" என்று கேட்டால் 90 பேர் "90" என்பார்கள், 10 பேர் "10" என்பார்கள். சராசரி 82. பேருந்தும் இப்படித்தான். 5 நிமிடம், 15 நிமிடம் என்று மாறி மாறி வரும் பேருந்துக்குச் சராசரி இடைவெளி 10 நிமிடம். அப்படியானால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடமா? நாம் போய் நிற்கும் நேரம் நீண்ட இடைவெளிக்குள் விழுவதே அதிகம் என்பதால் அது ஆறேகால் நிமிடம். நான் போகும்போது மட்டும் வண்டி வராது என்ற புலம்பலில் இவ்வளவு உண்மை இருக்கிறது.

மற்ற பிரபலக் கேள்விகள் இந்த அளவு ஆழமில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போய் 40இல் திரும்பினால் சராசரி 50 இல்லை, 48. மெதுவான பயணத்தில் அதிக நேரம் கழிகிறது. 50 சதவீதம் ஏறி 50 சதவீதம் இறங்கினால் 100 என்பது 75 ஆகிவிடும். 23 பேர் இருந்தால் யாரோ இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல், 50.7 சதவீதம், காரணம் 23 பேருக்குள் 253 ஜோடிகள். உங்கள் பிறந்தநாளிலேயே பிறந்தவர் இருக்க வாய்ப்பு பாதியாக வேண்டுமென்றால் உங்களைத் தவிர 253 பேர் வேண்டும். அதே 253 வருவது தற்செயல் இல்லை, 365இல் ஒன்று என்ற வாய்ப்பை அத்தனை முறை முயன்றால்தான் பாதியை எட்டுகிறது.

1913இல் மான்டி கார்லோ சூதாட்ட அரங்கில் சுழல் சக்கரம் 26 முறை தொடர்ந்து கறுப்பில் நின்றது. இனி சிவப்புதான் என்று பணத்தைக் கொட்டியவர்கள் ஓட்டாண்டி ஆனார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது என்று பாடம் சொல்வார்கள். சக்கரம் நேர்மையானது என்று உறுதியாகத் தெரிந்தால் அது சரி. தெரியாவிட்டால், 26 முறை கறுப்பைப் பார்த்த பிறகு எனக்கு வரும் சந்தேகம் சக்கரத்தின் மேல்தான். பந்தயம் கட்டியே தீர வேண்டுமென்றால் கறுப்பில்தான் கட்டுவேன்.

நம்பிக்கை வராதவர்களுக்கு ஒரு விளையாட்டு. ஜோசப் பெர்ட்ராண் 1889இல் பெட்டிகளை வைத்துச் சொன்ன புதிரின் சீட்டு வடிவம் இது. மூன்று அட்டைத் துண்டுகள்: ஒன்று இருபுறமும் சிவப்பு, ஒன்று இருபுறமும் வெள்ளை, ஒன்று ஒருபுறம் சிவப்பு மறுபுறம் வெள்ளை. பைக்குள் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுத்து மேசையில் வைக்க வேண்டும். மேலே தெரியும் நிறமே அடியிலும் இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

என் அக்கா மகனோடு தீக்குச்சிகளைப் பந்தயம் வைத்து ஆடினேன். சிவப்பு தெரிந்தது. "வெள்ளை வெள்ளை அட்டை இல்லை என்று ஆகிவிட்டது மாமா. மிச்சம் இரண்டு அட்டை, பாதிக்குப் பாதி" என்று தைரியமாக ஒப்புக்கொண்டான். மிச்சம் இருப்பது இரண்டு அட்டைதான். ஆனால் மேலே தெரிவது ஒரு பக்கம், சிவப்புப் பக்கங்கள் மொத்தம் மூன்று. அவற்றில் இரண்டின் அடியிலும் சிவப்பு. மூன்றில் இரண்டு முறை நான்தான் ஜெயிப்பேன். இதை அவனிடம் சொல்லவில்லை. 40 ஆட்டம் ஆடினோம், 27 எனக்கு, 13 அவனுக்கு. பதினான்கு குச்சிகள் என் பக்கம் சேர்ந்திருந்தன. அட்டைகளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "இதுல ஏதோ கோளாறு இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலும் வண்ணப் பென்சிலும் எடுத்துவந்து தானே புதிதாக மூன்று அட்டைகள் வெட்ட உட்கார்ந்தான்.